இடித்த வீட்டிலிருந்து ரோட்டுக்கு அடித்தளம்: கட்டட இடிபாட்டைச் சாலைப் பொருளாக்கும் முழுமையான வழிகாட்டி

சென்னையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு பழைய வீடு இடிபட்டுக்கொண்டிருக்கும். கதவு, ஜன்னல், கம்பி, தேக்கு உத்தரம் எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போய்விடும். அவற்றுக்கு விலை இருக்கிறது. விலை இல்லாத மிச்சம்தான் ரப்பிஷ். அதை லாரிக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையிலோ காலி மனையிலோ தட்டிவிட்டுப் போவார். 2022ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள் மேடானதில் இந்த லோடுகளுக்கும் பங்கு உண்டு. அதே வாரம் அதே தெருவுக்கு ரோடு போட, எங்கோ ஒரு குன்றை உடைத்து ஜல்லி வந்து இறங்கும்.

இந்த இரண்டு லாரிகளையும் ஒன்றாக்க முடியும். அதற்கான வழிமுறைகள் இந்தியாவில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. கட்டட இடிபாட்டைச் சாலையில் பயன்படுத்துவதற்கென்றே இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2017ல் ஐஆர்சி 121 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. லேஅவுட் ரோடு, ஊராட்சிச் சாலை, தொழிற்பேட்டை உள்ரோடு போடுகிற பொறியாளர்களையும் சிறு ஒப்பந்தக்காரர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடைசிவரை படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரே வரி: தரம் கிரஷரில் முடிவாவதில்லை, வீட்டை இடிக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

படி 1: எந்த அடுக்குக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் பொருளைக் குவித்துவிட்டு அப்புறம் எங்கே போடலாம் என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். ரோட்டுக்கு அடியில் மண் படுகை, அதன் மேல் ஜிஎஸ்பி எனப்படும் துணை அடித்தளம், அதற்கும் மேல் வெட்மிக்ஸ் எனப்படும், தண்ணீர் கலந்து இறுக்கிய ஜல்லி அடித்தளம், கடைசியில் தார் அல்லது கான்கிரீட். சக்கரத்தின் அழுத்தம் மேலே அதிகம், கீழே போகப்போகக் குறைவு. அதனால் பலவீனமான பொருள் கீழே, பலமான பொருள் மேலே.

செங்கல் கலந்த இடிபாடு கரை மேடாக்கவும் படுகைக்கும் சரி. நன்றாகப் பிரித்து, சோதனையில் தேறினால் ஜிஎஸ்பிக்கும் வரும். சுத்தமான கான்கிரீட்டை உடைத்த ஜல்லி ஜிஎஸ்பிக்கு மிக நன்றாகப் பொருந்தும். வெட்மிக்ஸுக்கும் ஓரளவு போகலாம். கான்கிரீட் ரோடு என்றால் அடியில் போடும், சிமென்ட் குறைவான மெலிந்த கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தலாம். ஜல்லிக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 383இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, எம்15 என்ற வலிமைத் தரத்துக்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் பெருஜல்லி முழுவதையும் மறுசுழற்சி ஜல்லியாகவே போட அனுமதிக்கிறது. கம்பியில்லாத சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 வரை மட்டும் 20 சதவீதம். இந்த இரண்டுக்கும் கான்கிரீட்டிலிருந்து உடைத்த ஜல்லி மட்டுமே, செங்கல் கலந்தது கூடாது.

தார் கலவைக்குள் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஒட்டியிருக்கும் பழைய சாந்து தாரைக் குடிக்கும்; ஜல்லியில் மிச்சம் பிடித்ததைத் தாரில் விட்டுவிடுவீர்கள்.

படி 2: அளவுக் கணக்கு

ஒற்றை வழி ரோடு, அகலம் 3.75 மீட்டர், நீளம் 1 கிலோமீட்டர், ஜிஎஸ்பி கனம் 200 மில்லிமீட்டர். பெருக்கினால் 750 கன மீட்டர். கெட்டிப்பட்ட நிலையில் கன மீட்டருக்குச் சுமார் 1.9 டன் என்று வைத்தால் 1,400 டன்னுக்குக் கொஞ்சம் மேல். யூனிட் (100 கன அடி) கணக்கில் சொன்னால் கெட்டிப்பட்ட பிறகு 265 யூனிட். லாரியில் தளர்வாக வரும்போது அதைவிடக் கால் பங்குக்கு மேலேயே கூடுதலாக எண்ண வேண்டும்.

கான்கிரீட் கூரை போட்ட கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை இடிபாடு வரும் என்பது இந்தியாவில் வழக்கமாக எடுக்கும் கணக்கு. ஆயிரம் சதுர அடி வீடு என்றால் 93 சதுர மீட்டர், சுமார் 46 டன். மண், மரம், தூள், உதவாதது என்று கால் பங்கு போனால் 35 டன் தேறும். ஆக, ஒரு கிலோமீட்டர் ரோட்டின் ஜிஎஸ்பிக்கு நாற்பது வீடுகள் வேண்டும்!

இதனால்தான் ஒரு வீட்டு இடிபாட்டை வைத்து ரோடு போடலாம் என்ற ஆசை நடக்காது. ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு மொத்தமாக மறுகட்டுமானத்துக்குப் போகும்போது பேசிப் பிடியுங்கள். இல்லையென்றால் மறுசுழற்சி ஆலையிலிருந்து வாங்குங்கள். சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் உண்டு. ஆலையிலிருந்து வாங்கினாலும் கீழே வரும் சோதனைகளை விட்டுவிடக் கூடாது.

படி 3: சட்டம் கேட்பது

சுருக்கமாக. 2026 மார்ச் வரைக்கான 2016ஆம் ஆண்டு இடிபாட்டுக் கழிவு விதிகளின்படி ஒரு நாளைக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு உண்டாக்குபவர் அதை நான்காகப் பிரித்துத் தர வேண்டியிருந்தது: கான்கிரீட், மண், செங்கலும் காரையும், இரும்பு-மரம்-பிளாஸ்டிக். வேலை தொடங்கும் முன் கழிவு மேலாண்மைத் திட்டத்தை உள்ளாட்சியில் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அவற்றுக்குப் பதிலாக 2025ல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு, அதாவது தான் உண்டாக்கும் கழிவு மறுசுழற்சிக்குப் போவதற்குத் தானே பொறுப்பேற்பது, என்ற கடமையும் அவற்றில் சேர்ந்திருக்கிறது. நீங்களே கிரஷர் வைத்து ஓட்டுவதாக இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். தூசியும் சத்தமும் அக்கம்பக்கத்தில் புகாராக மாற ஒரு நாள் போதும்.

படி 4: இடிக்கும் வரிசை

இங்கேதான் நிதானம் வேண்டும். ஜேசிபியைக் கொண்டுவந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டால், அப்புறம் எந்தக் கிரஷராலும் அதைக் காப்பாற்ற முடியாது. கலந்தது கலந்ததுதான்.

முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாடியில் ஷெட், பின்பக்கம் குளியலறை என்று ஏதோ ஓரிடத்தில் இருக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, போல்ட்டைக் கழற்றி, தகட்டை முழுசாக இறக்குங்கள். உடைக்கவே கூடாது. தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, அபாயக் கழிவு கையாள அங்கீகாரம் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு துண்டு கிரஷருக்குள் போனாலும் அந்தக் குவியல் முழுக்கச் சந்தேகத்துக்குரியதாகிவிடும். அதன் நார் தூசியாகப் பறந்து நுரையீரலில் தங்கக்கூடியது.

அடுத்து வயர், பிவிசி குழாய், டியூப் லைட், சானிட்டரி சாமான். டியூப் லைட்டில் பாதரசம் உண்டு, தனியாக எடுங்கள். பிறகு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வேலைப்பாடு. ஜிப்சம் ஒரு சல்பேட். பிற்பாடு நீங்கள் சிமென்ட் கலந்த அடுக்கு போட்டால், சல்பேட்டும் சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகத்தை உண்டாக்கும். அது ஊதி ரோட்டையே தூக்கிவிடும். வெள்ளையாக இருக்கிற எதையும் ஆணியால் கீறிப் பாருங்கள். சுலபமாகக் கீறினால் வெளியே போடுங்கள். சுண்ணாம்புப் பூச்சும் கீறும்தான். சந்தேகமாக இருந்தால் அதையும் சேர்த்தே ஒதுக்குவதில் நஷ்டமில்லை.

அப்புறம் மொட்டை மாடி. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட வெதரிங் கோர்ஸ் இருக்கும், அதன் மேல் தட்டோடு. கையால் நொறுக்கலாம் போல மென்மையானது அது. கான்கிரீட் தளத்தை உடைக்கும் முன் இதைச் சுரண்டி எடுத்துத் தனிக் குவியலாக வையுங்கள். மனை மேடாக்க மட்டும் ஆகும். நான் பார்த்த வேலைகளில் பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்த ஒன்றுதான். கான்கிரீட்டோடு சேர்ந்து வந்துவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை, சோதனைக் கூடத்தில் தூளின் அளவு எகிறும்போதுதான் தேட ஆரம்பிப்பார்கள்.

இனி சுவர். சுமை தாங்கும் செங்கல் சுவரில் கட்டிய பழைய வீட்டில் செங்கல்தான் பெரும்பகுதி. தூண், உத்தரம் வைத்துக் கட்டிய பிற்கால அடுக்குமாடியில் கான்கிரீட் அதிகம். எந்தக் கட்டடத்திலிருந்து என்ன கிடைக்கும் என்பதை வெளியே நின்று பார்த்தே ஊகிக்கலாம். சுவரைத் தள்ளி, செங்கலைத் தனியாக அள்ளிய பிறகே தூண், உத்தரம், தளத்தை பிரேக்கரால் உடைக்க வேண்டும். செப்டிக் டேங்க் கான்கிரீட்டை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

அள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். மண் தரையில் குவித்து அள்ளினால் பக்கெட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் களிமண்ணையும் சுரண்டும். பழைய வீட்டின் தரைத்தளத்தை கடைசிவரை உடைக்காமல் விட்டு, அதன் மேலேயே குவியுங்கள். ஆபரேட்டரிடம் இதை வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 5: உடைத்தல், சலித்தல்

கான்கிரீட் துண்டுகளைக் கிரஷர் வாய்க்கு ஏற்ற அளவுக்கு, பொதுவாக அரை மீட்டருக்குள், உடைத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்டும் கம்பியை வெட்டுங்கள். கிரஷருக்குள் போடும் முன்பே ஒருமுறை சலித்து மண்ணையும் தூளையும் பிரிப்பது அவசியம். உடைத்த பிறகு சலித்தால் எது மண், எது கான்கிரீட் தூள் என்று சொல்ல முடியாது.

தாடைபோல இரண்டு தகடுகளுக்கு இடையே நசுக்கும் ஜா கிரஷர் மட்டும் போதுமா? படுகைக்குப் போதும். ஜிஎஸ்பிக்கும் வெட்மிக்ஸுக்கும் இரண்டாவதாக, வேகமாக மோதி உடைக்கும் ஒரு இம்பாக்ட் கிரஷர் இருந்தால் நல்லது. அது ஜல்லியைத் தட்டையாக விடாமல் கனசதுரமாக்கும். ஒட்டியிருக்கும் சாந்தையும் கொஞ்சம் உதிர்க்கும். பெல்ட்டுக்கு மேல் காந்தம், பக்கத்தில் கையால் பொறுக்க ஆள், தூசி அடங்கத் தண்ணீர்த் தெளிப்பு: மூன்றும் வேண்டும். மரமும் தெர்மோகோலும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க, ஒரு டிரம் தண்ணீரில் இரண்டு மண்வெட்டி பொருளைக் கொட்டிப் பாருங்கள். மிதப்பது கண்ணுக்குத் தெரியும். மரம் மக்கினால் அந்த இடம் பள்ளமாகும்.

கான்கிரீட் ஜல்லி, செங்கல் ஜல்லி, தூள் மூன்றையும் தனித்தனியாகக் குவியுங்கள். உயரத்திலிருந்து கொட்டினால் பெரிய கல் அடிவாரத்துக்கு உருண்டு, சிறியது நடுவில் தங்கிவிடும். தாழ்வான சிறு குவியல்களே நல்லது.

படி 6: சோதனை

மாதிரி எடுப்பது என்றால் குவியலின் ஓரத்தில் ஒரு கைப்பிடி அள்ளுவதல்ல. பல இடங்களில், உள்ளே தோண்டி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்துத்தான் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு ஜிஎஸ்பிக்குக் கேட்பது இவை: மோதல் மதிப்பு (அடித்தால் எவ்வளவு நொறுங்கும் என்ற சதவீதம்) 40க்கு மேல் போகக் கூடாது, திரவ எல்லை 25க்குள், நெகிழ்வுக் குறியீடு 6க்குள் (இவை இரண்டும் தூளில் களிமண் குணம் எவ்வளவு என்று காட்டுபவை), சிபிஆர் (சுமை தாங்கும் திறனைக் காட்டும் எண்) 30க்குக் குறையாமல். சிபிஆர் நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த மாதிரியில் எடுத்ததாக இருக்கட்டும். ஊறாத மாதிரியின் எண்ணைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் சிரித்துவிட்டு ஊறவைக்கச் சொல்லுங்கள்; வடகிழக்குப் பருவமழையில் ரோடு ஊறித்தானே கிடக்கும்.

சுத்தமான கான்கிரீட் ஜல்லி இவற்றில் சிரமமில்லாமல் தேறும். செங்கல் கூடக்கூட மோதல் மதிப்பு ஏறும். செங்கல் கலந்ததை உலர்ந்த நிலையில் மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள். மென்மையான ஜல்லிக்கென்றே ஐஎஸ் 5640 இருக்கிறது, அதில் மாதிரியை ஊறவைத்து அடிக்க வேண்டும். உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும். செங்கல்லே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கல் கிடைக்காத வங்கதேசத்தில் காலங்காலமாக உடைத்த செங்கல்லை வைத்துத்தான் ரோடு போடுகிறார்கள். ஆனால் அங்கே அதற்கு எடுப்பது நன்றாக வெந்த கெட்டிச் செங்கல். நம் பழைய வீட்டுச் சுவரில் சரியாக வேகாத செங்கல்லும் கலந்துதான் இருக்கும்.

தண்ணீர் உறிஞ்சல் ஒரு தனிக் கதை. மலைக்கல் ஜல்லி பொதுவாக 1 சதவீதம் அளவுக்கே உறிஞ்சும். பழைய சாந்து ஒட்டிய ஜல்லி அதைப்போலப் பல மடங்கு எடுக்கும். உறிஞ்சல் 2 சதவீதத்தைத் தாண்டினால் உறுதித்தன்மைச் சோதனையும் செய்ய வேண்டும் என்பது விதி. அதில் ஜல்லியை சல்பேட் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். ஒட்டியுள்ள சாந்தை அந்த சல்பேட்டே அரித்துவிடுவதால், நல்ல பொருள்கூட இதில் தோற்றுப்போவது உண்டு. தோற்றால் பொறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். மோதல் மதிப்பையும் ஊறிய சிபிஆரையும் சேர்த்து வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

படி 7: அளவுப் பகிர்வைச் சரிசெய்தல்

இடிபாட்டில் நடுத்தர அளவு ஜல்லி குறைவாகவும் தூள் அதிகமாகவும் வருவது வழக்கம். ஜிஎஸ்பிக்கு 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் பொதுவாக 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மீறினால் தண்ணீர் வடியாது. சல்லடை முடிவைப் பார்த்து, குறைகிற அளவில் குவாரி ஜல்லியையோ கிரஷர் டஸ்ட்டையோ கலந்து வரம்புக்குள் கொண்டுவாருங்கள். பாதிக்குப் பாதி குவாரிக்கல் கலந்தாலும் பாதி மலை மிச்சம்தானே, வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய தார் ரோட்டைச் சுரண்டிய பொருளும் கையில் இருக்கலாம். ரோட்டு மட்டம் வீட்டுக்கு மேல் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021ல் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்ட பிறகு அது நிறையவே கிடைக்கிறது. தார் ஒட்டியிருப்பதால் வெயிலில் நெகிழும், சிபிஆரைக் குறைக்கும். தனியாக வைத்து, சோதித்து, கொஞ்சமாகக் கலப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 8: தண்ணீர், பரப்பல், ரோலர்

குவாரி ஜல்லியில் பழகியவர்கள் சறுக்குவது இங்கே. புதுச் சட்டி தண்ணீரைக் குடிப்பதுபோல இந்த ஜல்லி குடிக்கும். ரோலர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டேங்கரைத் திறந்துவிட்டால் மேலே சேறும் உள்ளே வறட்சியுமாக நிற்கும். முந்தின நாளே குவியலை நனைத்து, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள்.

எந்த ஈரத்தில் பொருள் அதிகபட்சமாகக் கெட்டிப்படும் என்று கண்டறியும் புராக்டர் சோதனையை இந்தப் பொருளுக்கென்று தனியாகச் செய்ய வேண்டும். உகந்த ஈரப்பதம் குவாரிப் பொருளைவிட அதிகமாகவும், அதிகபட்ச உலர் அடர்த்தி குறைவாகவும் வரும். குவாரி ஜிஎஸ்பியின் அடர்த்தியை இலக்காக வைத்துக்கொண்டு, வரவில்லையே என்று ரோலரை ஓட்டிக்கொண்டே இருந்தால் ஜல்லி நொறுங்கித் தூளாகுமே தவிர அந்த எண் வராது. அடர்த்தி குறைவு என்பது பொருளின் இயல்பு, உங்கள் வேலையின் குறை அல்ல.

உருட்டும்போது ஈரம், உகந்த அளவுக்கு 1 சதவீதம் மேலிருந்து 2 சதவீதம் கீழ் வரைக்குள் இருக்க வேண்டும். கெட்டிப்பட்ட பின் ஓர் அடுக்கு 200 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதுவும் 8 முதல் 10 டன் வைப்ரேட்டரி ரோலர் இருந்தால்தான். சாதாரண ரோலர் என்றால் 100 மில்லிமீட்டர். தாழ்ந்த ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முந்தினதன் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குள். செங்கல் அதிகமான கலவையில் கடைசி ஓட்டங்களில் அதிர்வை நிறுத்திவிடுங்கள். முதல் ஐம்பது மீட்டரை முடித்ததும் தோண்டி எடுத்துச் சலித்துப் பாருங்கள். தூள் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்தால் மீதி ரோட்டுக்கு ஓட்டங்களைக் குறைக்கலாம்.

இலக்கு, உங்கள் புராக்டர் சோதனையில் வந்த அதிகபட்ச உலர் அடர்த்தியில் 98 சதவீதம். அளப்பதற்கு, தோண்டிய குழியின் கொள்ளளவை மணல் நிரப்பிக் கண்டுபிடிக்கும் மணல் மாற்று முறையே நம்பகமானது. அணுக்கதிர்க் கருவியைக் கொண்டுவந்தால், சிமென்ட்டோடு பிணைந்திருக்கும் தண்ணீரையும் அது ஈரமாக எண்ணிவிடும். அடுப்பில் உலர்த்திய மாதிரியோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் அதன் எண்ணை எழுதாதீர்கள்.

முடித்த அடுக்கின் மேல் ஒரு வாரம் கனரக லாரியை விடாமல் ஈரமாக வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது. பழைய கான்கிரீட் தூளில் வினைபுரியாத சிமென்ட் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது மறுபடி பிடித்துக்கொண்டு அடுக்கை இறுக்கும்.

படி 9: வடிகாலும் கிணறும்

பழைய கான்கிரீட் வழியாக வடியும் தண்ணீர் நல்ல காரத்தன்மையோடு இருக்கும். அதனால் கிணறு, குளம், ஏரிக்கரையை ஒட்டிய ரோட்டில் இதைத் தண்ணீர் மட்டத்துக்கு அருகே போடாதீர்கள். அலுமினியக் குழாயோ நாகம் பூசிய இரும்புக் குழாயோ இந்த அடுக்குக்குள் புதைந்தால் அரிக்கும். குறுக்கே போகும் குழாய்களை பிவிசியாக்கிவிடுங்கள்.

அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், காற்று பட்டதும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லாகப் படியும். ஓர வடிகாலைச் சுற்றி நெய்யாத் துணி வடிகட்டி சுற்றியிருந்தால் அதன் கண்களை அடைத்துவிடும். வடிகாலை ஒட்டிய பகுதியில் மட்டும் குவாரி ஜல்லியைப் போடுவது எளிய தீர்வு. போட்ட முதல் வருஷம் மழைக்காலம் நடுவில் ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை வடிகால் வாய்களைப் போய்ப் பாருங்கள். லேசான வெள்ளைப் படிவு என்றால் சுரண்டிவிட்டால் போதும். மழை பெய்து இரண்டு நாளாகியும் வாயில் சொட்டுக்கூட வராமல், ரோட்டோரம் மட்டும் ஈரமாகவே இருந்தால் வடிகட்டி அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நீளத்துக்கு மட்டும் தோண்டி, துணியை எடுத்துவிட்டு அளவு பார்த்த ஜல்லி வடிகட்டியாக மாற்றி மூடுங்கள்.